நெற்பயிர் சாய்தல்

நிமிர்ந்து நிற்கும் நெற்பயிர் காற்றாலும் மழையாலும் கதிரின் பாரத்தாலும் தரையில் படுத்துவிடுவது சாய்தல் எனப்படும். சேறு இளகி வேர்ப்பிடி தளர்ந்தால் பயிர் தூரோடு சாயும். இல்லையேல் தாளின் அடிக் கணுவிடை வளைந்தோ முறிந்தோ சாயும். காவிரி டெல்டாவில் குறுவையின் அறுவடையை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம் பிடித்துக்கொள்ளும். சம்பா, தாளடி அறுவடையைக் காலந்தவறிய தை மழை கெடுக்கும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழையில் முற்றிய கதிரோடு பயிர்கள் நீரில் படுத்தன. அப்படிக் கிடக்கும் நெல் வயலிலேயே முளைவிடும். அறுவடை எந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கூடும். நெல்லின் ஈரம் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்பையும் தாண்டிவிடும்.

வளைவுக் கணக்கு

நெல்தாள் ஒரு முனை மண்ணில் பொருத்தப்பட்ட, உள்ளீடற்ற உத்தரம். காற்றின் விசையை உயரத்தால் பெருக்கினால் அடியில் விழும் வளைவுத் திருப்புமை கிடைக்கும். தாள் சற்றே சாய்ந்ததும் கதிரின் எடையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே வளைவு கூடக் கூட அதை வளைக்கும் விசையும் கூடுகிறது.

தாளின் வலிமையை அளக்க, அடிக் கணுவிடையை இரண்டு தாங்கிகள்மேல் கிடத்தி, நடுவில் முறியும்வரை பாரம் ஏற்றுவர். தாங்கிகளின் இடைவெளி 5 செ.மீ., முறித்த பாரம் 1,200 கிராம் என்று கொள்வோம். பாரத்தை இடைவெளியால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் முறிவுத் திருப்புமை 1,500 கிராம்-செ.மீ. அந்த இடத்துக்குமேல் உள்ள பகுதி 90 செ.மீ. நீளம், 15 கிராம் பச்சை எடை என்றால் பெருக்குத்தொகை 1,350. சாய்வுக் குறியெண் 1,350/1,500, அதாவது நூற்றுக்கு 90. அதே தாளின் மேற்பகுதி 120 செ.மீ., 18 கிராம் ஆனால் குறியெண் 144 ஆகி, சாயும் வாய்ப்பு கூடிவிடும். எடை முழுதும் நுனியில் இருப்பதாகக் கொள்ளும் கணக்கு இது. ஈர்ப்பு மையம் உண்மையில் அதற்குக் கீழே இருப்பதால், இந்த எண்ணை இரகங்களை ஒப்பிட மட்டுமே கொள்ள வேண்டும்.

தாளின் பருமனும் கவனிக்கத்தக்கது. வெளிவிட்டம் 5 மி.மீ., உள்விட்டம் 3 மி.மீ. உள்ள தாளின் வெட்டுமுகக் குணகம் (வளைவைத் தாங்கும் வலிமையின் அளவு) ஏறத்தாழ 10.7 கன மி.மீ. அதே அளவு பொருளைக் கொண்டு வெளிவிட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் அது 14.7 ஆகும். சுவர் மெலிந்தும் வலிமை 37 சதவீதம் கூடுகிறது. மெலிவு மிஞ்சினால் மட்டும் தாள் நசுங்கி மடங்கிவிடும்.

இரகங்களும் பராமரிப்பும்

பழைய சம்பா இரகங்கள் பல 150 செ.மீ. உயரத்தைத் தாண்டுபவை, யூரியா கொடுத்தால் இன்னும் நீண்டு சாய்ந்துவிடும். 1966-இல் வெளிவந்த ஐஆர் 8 சுமார் ஒரு மீட்டர் உயரமே வளர்ந்தது. அதன் குட்டைத்தன்மை தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லிலிருந்து வந்தது. தாளை நீட்டும் ஜிப்ரலின் சுரப்பைக் குறைக்கும் மரபணு மாற்றமே அதற்குக் காரணம் என்று 2002-இல் கண்டறியப்பட்டது. 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 நெல்லை ஜிஇபி 24 நெல்லுடன் கலந்து உருவாக்கிய ஏடிடி 27 இரகம், 1960-களின் நடுவில் தஞ்சைக் குறுவை வயல்களில் பரவியது.

உயரம் குறைந்தபோது மாட்டுக்கு வைக்கோலும் குறைந்தது. பாரம்பரிய இரகங்களைச் சாயும் பயிர் என்று ஒதுக்குவதும், சாய்வதை மறைத்துப் புகழ்வதும் உழவருக்கு உதவா. அவற்றுள் தடித்த தாள் உடையவற்றை மேற்சொன்ன முறிவுச் சோதனையால் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம். வைக்கோலை இழக்காமல் பயிரை நிறுத்தும் வழி அதுதான்.

வயலில் செய்யக்கூடியவையும் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் அடிக் கணுவிடைகள் நீளும். அதைப் பிரித்துக் கொடுத்தால் நீட்சி அடங்கும். சாம்பல் சத்து தாளுக்கு உறுதி தரும். சிலிக்கா அதன் புறத்தோலைக் கெட்டியாக்கும். நெருக்கி நட்டால் தாள்கள் ஒளிக்குப் போட்டியிட்டு மெலியும். நீரைக் காயவிட்டுக் கட்டினால் வேர் ஆழமாக இறங்கும். பால் பிடிக்கும் பருவத்தில் பயிர் சாய்ந்தால் நான்கைந்து தூர்களைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துவர். கதிர் முற்றிய பின் சாய்ந்தால் வயல் நீரை உடனே வடித்துவிட்டு அறுப்பதே ஏற்றது.