வெள்ளி முதல் ஞாயிறு வரை

வாணிகம் எதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. நெல்லை மரக்காலால் அளந்தோம். பூவை முழத்தால் அளந்தோம். பொன்னைக் குன்றிமணி இட்டு நிறுத்தோம். திரைப்படத்தின் வெற்றியை எதனால் அளப்பது? நம் நாட்டார் ஒரு காலத்தில் நாள்களால் அளந்தனர். ‘நூறு நாள் ஓடிய படம்’ என்பதும், 25 வாரம் ஓடி ‘வெள்ளிவிழா கண்ட படம்’ என்பதும் பட உலகின் பட்டங்களாக விளங்கின. இன்றோ வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய 3 நாள்களில் திரண்ட பணமே அளவுகோல். எந்த வார இறுதியில் எந்தப் படம் முதலிடம் பெற்றது என்று ஆண்டின் எல்லா வாரங்களுக்கும் வரிசை எழுதி வைக்கின்றனர். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நாள்களால் அளந்த காலம்

அக்காலத்தில் படம் என்பது சுருள்களாகப் பெட்டியில் வந்த பொருள். ஒவ்வொரு பிரதியும் எடுப்பதற்குப் பணம் வேண்டும். ஆதலால் விநியோகஸ்தர்கள் பிரதிகளை எண்ணியே எடுத்தனர். முதலில் பெருநகரங்கள், பின்னர் சிறு நகரங்கள், இறுதியாகச் சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகள் என்று படப்பெட்டி படிப்படியாகப் பயணம் செய்தது. ஒரே பிரதியின் சுருள்களை மிதிவண்டியில் ஏற்றி, இரண்டு கொட்டகைகளில் மாற்றி மாற்றிக் காட்டியதும் உண்டு. நகரத்திலும் ஓரிரு கொட்டகைகளில் மட்டுமே படம் நடந்தது. ஆகவே ஊர் முழுவதும் பார்த்து முடிக்க வாரங்கள் பல ஆயின. படம் நெடுநாள் ஓடியதற்கு மக்களின் விருப்பம் ஒரு காரணம். பிரதிகளின் பஞ்சம் மற்றொரு காரணம்.

1943இல் வெளிவந்த ‘கிஸ்மத்’ என்னும் இந்திப் படம் கல்கத்தா ராக்ஸி கொட்டகையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இவையெல்லாம் ஒருவர் பார்த்து மற்றொருவரிடம் கூற, அவர் தம் வீட்டாரை அழைத்துவர, அவ்வாறு வளர்ந்த வெற்றிகள்.

இம்முறையை மாற்றத் துணிந்தவர்களில் நம்மவர் ஒருவரும் இருந்தார் என்பதை ஈண்டு குறிப்பிடுதல் தகும். ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன், 1948 ஏப்ரலில் தம் ‘சந்திரலேகா’வைத் தென்னாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொட்டகைகளில் ஒருங்கே வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அதன் இந்தி வடிவத்தை வடநாட்டுக்குக் கொண்டு சென்றபோது, அதுவரை காணாத அளவில் விளம்பரம் செய்தார். ‘ஊர் முழுவதும் ஒரே நாளில் பேச வேண்டும்’ என்னும் கொள்கைக்கு அது ஒரு முன்னோட்டம்.

1975ஆம் ஆண்டு

அளவுகோலின் வரலாற்றில் 1975 மறக்கலாகாத ஆண்டு. அவ்வாண்டு ஜூன் 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் ‘ஜாஸ்’ என்னும் படம் 409 கொட்டகைகளில் ஒரே நேரத்தில் வெளியாயிற்று. இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பர்குக்கு அப்போது வயது 28. அதுவரை, ஒரே நாளில் நாடெங்கும் வெளியிடுவது பெரும்பாலும் தரம் குறைந்த படங்களுக்கு உரிய உபாயமாகக் கருதப்பட்டது; மக்கள் குறை கூறத் தொடங்குமுன் பணத்தைச் சுருட்டிக்கொள்ளும் தந்திரம் அது. யூனிவர்சல் நிறுவனத்தாரோ நல்ல படத்துக்கே அம்முறையைக் கையாண்டனர். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் டாலர் செலவிட்டனர். முதல் 3 நாள்களில் 70 இலட்சம் டாலர் வந்தது. ‘காட்ஃபாதர்’ பெற்றிருந்த சாதனையையும் அப்படம் அவ்வாண்டிலேயே கடந்தது. அன்று முதல் கோடைக்கால வெள்ளிக்கிழமை ஹாலிவுட்டுக்குத் திருநாளாயிற்று.

அதே ஆண்டில் நம் நாட்டில் நடந்தது வேறு கதை. மே மாதம் ‘ஜெய் சந்தோஷி மா’ என்னும் சிறு செலவுப் படம் வந்தது. பெரிய நடிகர் இல்லை. பெரிய விளம்பரமும் இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை விரதம் இருந்த பெண்டிர் திரண்டு வந்தனர். கொட்டகை வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றனர். திரையில் அம்மன் தோன்றியபோது பூவும் காசும் தூவினர். அவர்களை அழைத்து வந்தது சுவரொட்டியன்று, அண்டை வீட்டாரின் சொல்லே.

ஆகஸ்டு 15ஆம் நாள் ‘ஷோலே’ வந்தது. ஏறத்தாழ 3 கோடி ரூபாய் செலவில், பெங்களூர் அருகே ராமநகரப் பாறைகளிடையே எடுக்கப்பட்ட படம். முதல் நாள்களில் கொட்டகையில் கைதட்டல் எழவில்லை. வியாபாரிகள் ‘படம் தோல்வி’ என்று தீர்ப்புக் கூறினர். முடிவைத் திருத்தி, இறக்கும் நாயகனைப் பிழைக்கவைக்கலாமா என்றுகூட அந்த வார இறுதியில் ஆலோசனை நடந்ததாம். இயக்குநர் ரமேஷ் சிப்பி, திங்கட்கிழமை வரை பொறுத்துப் பார்ப்போம் என்றாராம். பம்பாயில் கொட்டகை உரிமையாளர் ஒருவர், இடைவேளையில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கவில்லை என்பதையே நற்குறியாகக் காட்டினார் என்றும் கூறுவர்; மக்கள் மெய்ம்மறந்து இருக்கையிலேயே அமர்ந்துவிட்டனராம்! பின்னர் அப்படம் பம்பாய் மினர்வாவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. முதல் 3 நாள்களே தீர்ப்பு என்னும் விதி அன்று இருந்திருப்பின், ‘ஷோலே’ என்னாகியிருக்கும்? சிந்தித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

திங்கட்கிழமைப் பட்டியல்

பிற்பாடு அமெரிக்காவில் கொட்டகைகளின் வசூலை நாள்தோறும் ஒரே இடத்தில் திரட்டும் ஏற்பாடு வளர்ந்தது. தொழில் செய்வோர் மட்டும் அறிந்திருந்த கணக்கு, பொதுமக்கள் படிக்கும் செய்தியாயிற்று. பந்தய முடிவைப் போல் ‘இவ்வாரம் முதலிடம் யாருக்கு?’ என்று கேட்கலாயினர்.

ஆனால் அப்பட்டியலே சில வேளைகளில் தன் விதியைத் தானே மறுக்கின்றது. 1997 டிசம்பர் 19இல் வெளியான ‘டைட்டானிக்’, தொடர்ந்து 15 வார இறுதிகளில் முதலிடம் வகித்தது. 1998இன் முதல் 13 வார இறுதிகளும் அதற்கே உரியவை. அமெரிக்காவில் முதல் 3 நாள்களில் அது ஈட்டியது ஏறக்குறைய 2 கோடியே 86 இலட்சம் டாலர். அவ்வோட்டத்தில் அங்கு மொத்தம் ஈட்டியதோ 60 கோடி டாலர். அதாவது, முதல் வார இறுதி மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய பத்தொன்பது பங்கும் மக்கள் வாய்மொழியின் கொடை.

நம் நாட்டில் 1997இல் தில்லி சாக்கேத்தில் பல திரைகள் கொண்ட அரங்கு பிறந்தது. பின்னர், சுருள் மறைந்து டிஜிட்டல் முறை வந்தது. பெட்டி பயணம் செய்யத் தேவை இல்லாது போயிற்று. ஒரே காலையில் ஆயிரக்கணக்கான திரைகளில் படம் தோன்றலாயிற்று. 2008இல் வெளிவந்த ‘கஜினி’யின் இந்தி வடிவம் 100 கோடி ரூபாய் என்னும் எல்லையைக் கடந்தபின், வெள்ளிவிழாவின் இடத்தைக் கோடிக்கணக்கு பற்றிக்கொண்டது. அதன் இயக்குநர் நம் ஏ.ஆர். முருகதாஸ், முதல் வடிவமும் 2005இல் தமிழில் வந்ததே.

இக்கணக்குகளைப் படிக்கையில் எச்சரிக்கை வேண்டும். மொத்த வசூல் வேறு. வரி நீங்கிய வசூல் வேறு. கொட்டகைக்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவது வேறு. டிக்கெட் விலையோ காலந்தோறும் ஏறி வந்துள்ளது. ஆதலால் இன்றைய கோடியை அன்றைய இலட்சத்தோடு ஒப்பிடுதல், படியையும் முழத்தையும் ஒப்பிடுவது போலாகும். எத்தனை பேர் பார்த்தனர் என்பதைப் பணம் கூறாது.

நமக்கு இதில் என்ன?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. வார இறுதி வசூல் பிறருக்குப் புதியது; நமக்கோ பழையது! ஞாயிறு காலைக் காட்சி ஒன்றே நமக்குத் தமிழ்ப் படம் கிடைத்த வழி. பம்பாய் மாதுங்காவின் அரோரா போன்ற சில கொட்டகைகளைத் தவிர, பிற இடங்களில் அந்த ஒரு காட்சியே நமக்குப் பண்டிகை. பட்டுச் சேலையும் பூச்சரமும் அணிந்து குடும்பத்தோடு சென்றோம். இடைவேளையில் ஊர்ச் செய்தி பரிமாறிக்கொண்டோம். வரன் பார்த்த குடும்பங்களும் உண்டு. அன்று கொட்டகையை நிரப்பியது விளம்பரம் அன்று, ஒருவர்க்கொருவர் சொல்லியனுப்பிய செய்தி.

இன்று நம் நகர அரங்குகளில் தமிழ்ப் படத்துக்கு ஓரிரு திரைகள் கிடைக்கின்றன. ஞாயிறு இரவுக்குள் இருக்கைகள் நிரம்பாவிடில், மறு வாரம் அப்படம் அங்கே இராது. பெரிய நடிகரின் படத்துக்கு இதனால் குறைவில்லை. நற்கருத்தைத் தாங்கி மெல்ல வளரக்கூடிய சிறிய படத்துக்கோ, பிறர் செவிக்கு அதன் பெயர் எட்டுமுன்பே ஆயுள் முடிந்துவிடுகின்றது. நம் பிள்ளைகள் தமிழைக் காதால் கேட்கும் வாய்ப்புகளில் திரையரங்கும் ஒன்றாகலின், இவ்விழப்பு நம் மொழிக்கும் உரியதே.

விதியை மாற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால் அவ்விதிக்குள் நின்று செயல்பட நம்மால் இயலும். நல்ல தமிழ்ப் படம் ஒன்று நம் நகருக்கு வருமாயின், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று ஒத்திப் போடாது, முதல் வார இறுதியிலேயே குடும்பத்தோடு செல்வோம். பார்த்தபின் அண்டை வீட்டாரிடம் கூறுவோம். அளவுகோல் எதுவாயினும், படத்தை வாழவைப்பது மனிதர் மனிதரிடம் சொல்லும் சொல்லே.