யுகுலேலே தந்திகளும் விரல் நுனிகளும்

என் இடது கை நடுவிரலில் இருந்த வெட்டை முதலில் கண்டது நானல்ல, மனைவி. "இஞ்சருங்கோ, உதென்ன விரலில ரத்தம் காய்ஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். எனக்கு நோகவேயில்லை. பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவுடன் இருப்பவனுக்கு, நோகாமல் இருப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். முதல் நாள் மாலை அரை மணித்தியாலம் யுகுலேலே வாசித்திருந்தேன். அந்தக் கிழமைதான் அதற்குப் புதுக் கம்பிகள் மாட்டியிருந்தேன்.

பழைய நைலோன் தந்தியொன்று அறுந்ததால் கடைக்குப் போனேன். "உதுக்கெண்டு தனியா இல்லை அண்ணை, கிற்றார்க் கம்பியைப் போடுங்கோ, நல்லாச் சத்தம் வரும்" என்றார்கள். நான்கையும் மாற்றினேன். சத்தம் வந்தது உண்மைதான். நான்காம் நாள் பார்த்தால், தந்திகளைத் தாங்கும் குதிரையின் பின்விளிம்பு பலகையை விட்டு நகம் நுழையுமளவு எழும்பியிருந்தது. விரலும் வெட்டுப்பட்டது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாட்டியவன் நான்.

யுகுலேலே உருக்குக் கம்பிக்காகப் பிறந்த வாத்தியமல்ல. 1879 ஓகஸ்ட்டில் மதேரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்த்துக்கேயத் தொழிலாளர்களை ஹொனலூலுவில் இறக்கியது. அதில் வந்த தச்சர்களான மனுவேல் நூனஸ், ஒகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சான்தோ ஆகிய மூவரும், தங்கள் ஊரின் மச்செத்தே என்ற சிறு வாத்தியத்தை அடியாகக் கொண்டு ஹவாயில் இதைச் செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் கட்டியது விலங்குக் குடலில் முறுக்கிய நரம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலோன் அந்த இடத்தைப் பிடித்தது. மெல்லிய பலகை, ஒட்டி வைத்த குதிரை எல்லாமே இந்த மென்மையான தந்திகளின் இழுவைக்கு அளந்தவை. ஒரு நைலோன் தந்தியின் இழுவை ஏறக்குறைய 4 கிலோ. தடித்த கிற்றார்க் கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் அது இரண்டு மடங்காகலாம்.

விரலுக்கு இழுவை மட்டும் பிரச்சினையல்ல, தடிப்பும் முக்கியம். கிற்றாரின் மெல்லிய உருக்குக் கம்பி கால் மில்லிமீற்றர்தான். நைலோன் தந்தி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பானது. ஒரே பலத்தில் அழுத்தினாலும் மெல்லியது தோலுக்குள் ஆழமாக இறங்கும். கத்தியின் கூர்ப்பக்கத்துக்கும் முதுகுப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கடைகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. சாதாரண நைலோன் தடிப்பானது, மென்மையானது. புதிதாகப் பழகுபவருக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். இத்தாலியின் அக்குய்லா நிறுவனத்தின் வெண்ணிறமான நைல்கட், பழைய குடல் நரம்பின் அடர்த்தியை ஒத்த செயற்கைப் பொருள். மூன்றாவது புளோரோகார்பன். நைலோனைவிட அடர்த்தி மிகக் கூடியதால் மெல்லியதாக வரும். ஒலி துலக்கம், ஆனால் ஆரம்பத்தில் விரல் நுனியில் கோடு விழும். இவற்றைத் தவிர, கீழ்ச்சுருதிக்கென்று மேலே உலோகம் சுற்றிய தந்தியும் உண்டு. அதன் சொரசொரப்பு விரலை அராவும்.

"தங்கூசி வாங்கிப் போடன்" என்று கடற்றொழில் செய்யும் நண்பரொருவர் பகிடி பண்ணினார். பகிடியில் பாதி உண்மை. புளோரோகார்பன் தூண்டில் நூலாகவும் விற்கப்படும் பொருள். சரியான தடிப்பில் அதை வாங்கி யுகுலேலேக்குக் கட்டுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அளவும் பாருங்கள். சொப்ரானோ வகையில் தந்தியின் நீளம் சுமார் 35 சென்ரிமீற்றர், ரெனரில் சுமார் 43. அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால், நீளமானதில் இழுவை ஒன்றரை மடங்காகும். மாறாக, நான்கு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கினால் இழுவை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். செலவில்லாத வைத்தியம் இது. தனியே வாசிப்பவருக்கு நட்டமில்லை.

மலிவு வாத்தியங்களில் இன்னொரு கோளாறு உண்டு. தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு கட்டை உயரமாக இருக்கும். முதல் மெட்டில் அழுத்தவே பெரும்பாடு. மூன்றாவது மெட்டுக்குப் பின்னால் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் நன்றாகத் தெரிந்தால், வாத்தியம் திருத்துபவரிடம் கொடுத்து அந்தக் காடியை அராவச் சொல்லுங்கள். அழுத்தும் இடமும் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இரு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும்.

தோல் தன்பாட்டில் பழகும். திரும்பத் திரும்ப அழுத்தம் படும் இடத்தில் மேற்தோல் தடித்துக் காய்த்துப்போகும். மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் நடப்பதும் இதுதான். வீணை வாசிப்பவரின் இடது கை விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. யுகுலேலேயில் காய்ப்பு அவ்வளவு தடிப்பாக வராது. முதல் இரண்டு மூன்று கிழமை நுனி நோகும், பிறகு அடங்கும். ஞாயிறன்று இரண்டு மணித்தியாலம் வாசிப்பதைவிட நாளுக்குப் பதினைந்து நிமிடம் மேல். குளித்தவுடன், கோப்பை கழுவியவுடன் வாசிக்க வேண்டாம். ஊறிய தோல் இலகுவில் உரியும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் ஆற விடுங்கள்.

நுனியில் தோல் நோவது ஒன்று, விறைப்பு வேறொன்று. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் நித்திரை குழம்பினால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். தந்தியை மாற்றிப் பயனில்லை. வைத்தியரிடம் போக வேண்டும்.

நீரிழிவுக்காரருக்கு இந்த வித்தியாசமே குழம்பிப்போகும். நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு விரல் நோ காட்டாது, காயமும் மெதுவாகத்தான் ஆறும். வீட்டில் சீனி பார்க்க ஊசி குத்துவதும் விரல்களில்தான். காய்த்த தோலில் இரத்தம் எடுப்பது கஷ்டம். நான் இப்போது வலது கையின் மோதிர விரலிலும் சின்ன விரலிலும், அதுவும் நுனியில் அல்லாமல் பக்கவாட்டில், குத்துகிறேன்.

என் வெட்டு ஆற மூன்று கிழமை பிடித்தது. அதற்குள் குதிரையைத் திரும்ப ஒட்டுவித்து, கொழும்பிலிருந்து நைலோன் தந்திகள் எடுப்பித்தேன். அரைச்சுரம் இறக்கித்தான் கட்டியிருக்கிறேன். வாசித்து முடிந்ததும் வெளிச்சத்தில் விரல்களைப் பார்க்கிறேன். கண்ணாடி கைக்கெட்டாவிட்டால் மனைவியிடம் நீட்டுகிறேன்.