ஆம்புலன்ஸ் வந்தும் ஏன் உடனே கிளம்புவதில்லை? 108 ஊழியர்களின் முடிவுகளும் அவர்களுக்குள் புழங்கும் சொற்களும்

மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலக கேன்டீனில் உங்கள் சக ஊழியர் திடீரென்று சரிந்து விழுகிறார். யாரோ 108-ஐ அழைக்கிறார்கள். ஆம்புலன்ஸும் வந்துவிடுகிறது. ஆனால் வந்த ஊழியர் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றவில்லை. அங்கேயே தரையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகிறது. கூட்டத்தில் ஒருவர் கத்துகிறார்: "என்னங்க பண்றீங்க? முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

அப்படிக் கத்துவது நீங்களாகவும் இருக்கலாம். பதற்றம் புரிகிறது. ஆனால் இதுபோன்ற நேரத்தில் வண்டி நிற்பது அலட்சியம் அல்ல, அதுதான் சிகிச்சை. அந்த ஊழியர் எதை வைத்து முடிவெடுக்கிறார், யாரோடெல்லாம் மல்லுக்கட்டுகிறார் என்று தெரிந்திருந்தால், அடுத்த முறை நீங்கள் அவருக்கு இடைஞ்சலாக இல்லாமல் உதவியாக இருக்கலாம்.

வண்டியில் வருபவர் யார்?

108 சேவை 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. பல இடங்களில் அரசு பணம் தருகிறது, ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது.

வண்டியில் பொதுவாக இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். 108 வட்டாரத்தில் அவரை 'பைலட்' என்பார்கள். இன்னொருவர் ஈ.எம்.டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். இவர் டாக்டர் அல்ல. நம் ஊரில் 'பாராமெடிக்' என்றால் லேப் டெக்னீஷியன் முதல் எக்ஸ்ரே எடுப்பவர் வரை எல்லோரையும் சொல்கிறோம். 2021-இல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம்தான் ஆம்புலன்ஸ் பாராமெடிக்கைத் தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்தது.

வண்டியிலும் வகை உண்டு. ஏ.ஐ.எஸ் 125 என்ற தேசிய ஆம்புலன்ஸ் தரநிலைப்படி நான்கு வகைகள் இருக்கின்றன. அவற்றில் நீங்கள் அடிக்கடி கேள்விப்படுவது இரண்டு. பி.எல்.எஸ் வண்டியில் ஆக்சிஜன், அடிப்படை உயிர்காப்புக் கருவிகள் இருக்கும். ஏ.எல்.எஸ் வண்டியில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், வென்டிலேட்டர் போன்றவையும் இருக்கும்.

'லோட் அண்ட் கோ'வா, 'ஸ்டே அண்ட் ப்ளே'யா?

ஈ.எம்.டி எடுக்கும் முதல் பெரிய முடிவு இதுதான். ஏற்றிக்கொண்டு கிளம்புவதா, அங்கேயே நின்று சிகிச்சை கொடுப்பதா?

பைக் விபத்தில் ஒருவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று வையுங்கள். அதைத் தெருவில் வைத்து யாராலும் நிறுத்த முடியாது. அறுவை சிகிச்சை வேண்டும். அதனால் வெளியே தெரியும் ரத்தப்போக்கை அடக்கி, மூச்சுப்பாதையைச் சரிசெய்து, கழுத்தை அசையாமல் வைத்து, உடனே கிளம்ப வேண்டும். இது 'லோட் அண்ட் கோ'. விபத்து நடந்த இடத்தில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதைத்தான் 'பிளாட்டினம் 10' என்கிறார்கள்.

இதயம் நின்றுபோனால் கணக்கு தலைகீழ். அங்கே தேவை இரண்டுதான்: நெஞ்சை அழுத்துவது, ஷாக் கொடுப்பது. இரண்டையும் அந்த இடத்திலேயே செய்யலாம். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ ஆழத்துக்கு அழுத்த வேண்டும். குலுங்கி ஓடும் வண்டியில், ஒரே ஆள், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைச் சரியாகச் செய்ய முடியாது. சி.பி.ஆரும் ஷாக்கும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அதனால்தான் அவர் கேன்டீன் தரையிலேயே மண்டியிட்டார். இது 'ஸ்டே அண்ட் ப்ளே'.

'ஆக்சிஜன் வைங்க!' என்றால் வைத்துவிடலாமா?

கூட்டம் கேட்பதும் நோயாளிக்குத் தேவைப்படுவதும் பல நேரம் வேறு வேறு. மாரடைப்பு வந்தவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால், வழக்கமாகத் தனியாக ஆக்சிஜன் தேவையில்லை. அதற்குள் ஈ.சி.ஜி எடுப்பதும் ஆஸ்பிரின் கொடுப்பதும்தான் முக்கியம்.

தெருவில் உளறியபடி, வியர்த்து விழுந்து கிடப்பவரைப் பார்த்து "குடிச்சிருக்கான் சார்" என்பார்கள். ஈ.எம்.டி முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பார். 70-க்குக் கீழே போயிருந்தால் அது போதை அல்லாமல் தாழ் சர்க்கரையாக இருக்கலாம். குளுக்கோஸ் கொடுத்தால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லா மருந்தையும் ஈ.எம்.டி தன் விருப்பத்துக்குக் கொடுத்துவிட முடியாது. சிலவற்றை எழுதிவைத்த நெறிமுறைப்படி கொடுக்கலாம். மற்றவற்றுக்குக் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டாக்டரை, அதாவது ஈ.ஆர்.சி.பி-யை, போனில் கேட்க வேண்டும். அவர் போனும் கையுமாக நிற்பதைப் பார்த்து "வேலையைப் பார்க்காம போன் பேசுறான்" என்று வீடியோ எடுக்காதீர்கள். அந்த போன்தான் மருந்துக்கான அனுமதி.

உரசல் எங்கே வருகிறது?

ஒன்று, வண்டிக்குள்ளேயே. கூட்டம் வண்டியைச் சுற்றி நின்று தட்டினால் பைலட்டுக்குக் கிளம்பிவிடத் தோன்றும். ஈ.எம்.டி இன்னும் இரண்டு நிமிடம் கேட்பார். இருவருக்கும் நியாயம் இருக்கிறது. நோயாளி பற்றிய முடிவு ஈ.எம்.டி கையில், வண்டியின் பாதுகாப்பு பைலட் கையில் என்ற புரிதல் இருக்கும் ஜோடிதான் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டு, குடும்பத்தோடு. "எங்க டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார்கள். அருகில் இருக்கும் மருத்துவமனை எப்போதும் பொருத்தமான மருத்துவமனை ஆகாது. தெரிந்த மருத்துவமனையும் அப்படித்தான். பக்கவாதம் என்றால் சி.டி ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் அந்த நேரம்தான் போகும்.

மூன்று, மருத்துவமனை வாசலில். நெரிசலான மருத்துவமனையில் படுக்கை காலியாக இல்லையென்றால் நோயாளி ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பார். ஸ்ட்ரெச்சர் திரும்பி வராமல் வண்டி கிளம்ப முடியாது. அடுத்த அழைப்பில் இருப்பவருக்குத் தூரத்திலிருந்து வேறு வண்டி வர வேண்டும். கேஷுவாலிட்டி ஊழியருக்கும் ஈ.எம்.டி-க்கும் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதற்காகத்தான்.

நான்கு, நிர்வாகத்தோடு. நீண்ட ஷிஃப்ட், ஒப்பந்த வேலை, தாமதமாகும் சம்பளம். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, பஞ்சாப் என்று பல மாநிலங்களில் 108 ஊழியர்கள் போராடியிருக்கிறார்கள். களைத்துப்போன ஆள்தான் உங்கள் வீட்டுப் படியேறி வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

காதில் விழும் சொற்கள்

- ஆர்.டி.ஏ: சாலை விபத்து.
- வைட்டல்ஸ்: நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு போன்றவை.
- அம்பு பேக்: மூச்சு இல்லாதவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை.
- ஐ.எஃப்.டி: ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. நீண்ட தூரப் பயணமாக இருந்தால் வண்டி மணிக்கணக்கில் கிடைக்காது.
- பி.சி.ஆர்: நோயாளிக்கு என்ன செய்தார்கள் என்ற பதிவுத் தாள். மருத்துவமனையில் இதைக் கொடுத்து நோயாளியை ஒப்படைப்பதுதான் 'ஹேண்ட்ஓவர்'.
- எம்.எல்.சி: போலீசுக்குத் தகவல் போக வேண்டிய கேஸ்.
- பிராட் டெட்: மருத்துவமனைக்கு வரும்போதே உயிர் இல்லை. இறந்துவிட்டார் என்று அறிவிப்பது டாக்டரின் வேலை. ஈ.எம்.டி கண்ணுக்குத் தெரிந்தாலும் அவர் வாயால் சொல்ல முடியாது. "பொழைச்சிடுவாரா?" என்று நீங்கள் கேட்கும்போது அவர் பதில் சொல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். டவர் எண், எந்த கேட், பக்கத்து அடையாளம் எல்லாம் வேண்டும். சொல்லி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். ஒருவரை வாசலுக்கு அனுப்புங்கள், இன்னொருவர் லிஃப்ட்டைப் பிடித்து வைக்கட்டும். மூச்சும் அசைவும் இல்லையென்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்துங்கள். உங்கள் அலுவலகத்தில் ஏ.ஈ.டி கருவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் படத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கூடப் போகலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு வழக்குகளிலிருந்து காக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அதற்கென அறிவிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 194ஈ பிரிவின்படி ரூ.10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

இதையெல்லாம் விடச் சுலபமான ஓர் உதவியும் இருக்கிறது. ஈ.எம்.டி மண்டியிட்டிருக்கும்போது "ஏன் கிளம்பல?" என்று கேட்பதற்குப் பதில், "நான் எதைப் பிடிக்கணும்?" என்று கேளுங்கள். நெஞ்சை அழுத்திக் கை ஓய்ந்துபோயிருக்கும் அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று ஆள் தேவைப்படும்.