புல்தரைக்கும் மூச்சு வேண்டும்



நம் பூங்காவின் புல்தரை பழுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தாலும் தண்ணீர் இறங்குவதில்லை. புல்லை எடுத்துவிட்டு சிமெண்ட் கல் பதிக்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. முடிவெடுக்கும் முன் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டுவோம். நான் வணிகவியல் படித்து வங்கியில் பேரேடு எழுதியவன். பழைய கணக்கைப் பார்க்காமல் புதுச் செலவு எழுத மனம் வராது.

நம் மாநிலத்தில் பெயர் பெற்ற புல்தரை உதகை அரசு தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டம் இருந்த இடத்தை, 1848-இல் பொறுப்பேற்ற மெக்ஐவர் பூங்காவாக மாற்றினார். இன்றும் மே மாத மலர்க் காட்சிக்கு முன் அங்கே புல்தரையை மூடிப் பராமரிக்கிறார்கள். அத்தனை கால்களைத் தாங்கிய மண்ணுக்கு ஓய்வு வேண்டும்.

1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரம் கண்டுபிடித்தார். பின்னாளில் பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு மண்ணில் பதியாமலிருக்க அவற்றுக்குத் தோல் காலணி மாட்டினார்கள்! 1881-இல் டார்வின் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதி, மண்ணைப் பொலபொலப்பாக்கும் அவற்றின் உழைப்பை விளக்கினார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தைப் பராமரித்த டாம் மோரிஸ், புல்மேல் மணல் தூவிப் பலன் கண்டார்.

நம் புல்தரைக்கு இரண்டு நோய். ஒன்று, மிதிபட்டு இறுகிய மண். மண்ணின் இடுக்குகள் அடைபட்டால் காற்றும் நீரும் வேருக்குப் போகாது. இரண்டு, அருகின் பழைய தண்டும் வேரும் மட்காமல் தென்னைநார் மெத்தை போல் படிவது. அரை அங்குலம் வரை பாதகமில்லை. மிஞ்சினால் தண்ணீரைத் தடுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் மெத்தை இன்னும் தடிக்கும்.

நம் மலையில் ஏலத் தோட்டத்துச் சருகு தானே மட்கி உரமாகிறது. அங்கே மண் இறுகவில்லை, புழு இருக்கிறது. இங்கே நாம்தான் உதவ வேண்டும். புரட்டாசியில், மண் ஈரப்பதமாக இருக்கும்போது, மெத்தையை வாரி எடுக்க வேண்டும். பிறகு, பல் உள்ள தோட்டக் கருவியால் நாலு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி, சலித்த மட்கிய எருவும் மணலும் மெல்லியதாகத் தூவி, ஒரு மாதம் பூங்காவை மூடினால் போதும். ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

செலவு, இரண்டு ஆள் கூலியும் கொஞ்சம் எருவும். கல் பதித்தால் மழைநீர் இறங்க வழியே இருக்காது. பிள்ளைகள் விழுந்தால் முழங்கால் பெயரும்.

பிள்ளைகள் விளையாடித்தான் புல் செத்தது என்று சிலர் சொல்கிறீர்கள். முதலில் செத்தது கேட்டிலிருந்து பால் கடைக்குப் போகும் குறுக்குத் தடம்தான். அதில் ஆறு வருடம் தினமும் நடந்தவர்களில் நானும் ஒருவன். இனி சுற்றித்தான் போவேன். நீங்களும் வருவீர்கள்தானே?