அதிர்வலைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள்

சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் என்பன உடலிலிருந்து வெளியேறும் சிறுநீரின் அளவைக் கூட்டும் மருந்துகள் ஆகும். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைத்த பின், துகள்கள் வெளியேறுவதற்குத் துணையாகவும் இவை சில வேளைகளில் வழங்கப்படுகின்றன. இவை கல்லைக் கரைப்பதில்லை.

பின்னணி

உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் முறை 1980 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. உடைந்த துகள்கள் சிறுநீருடன் தாமாகவே வெளியேற வேண்டும். சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள துகள்கள் புவியீர்ப்பின் காரணமாக அங்கேயே தங்கிவிடுவதுண்டு. அவை மீண்டும் கல்லாக வளரக்கூடும்.

செயல்படும் முறை

ஃபுரோசமைடு என்னும் மருந்து, சிறுநீரக நுண்குழலில் உப்பு மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உப்புடன் நீரும் வெளியேறுவதால் சிறுநீரோட்டம் பெருகித் துகள்கள் நகர வாய்ப்பு ஏற்படுகிறது.

ஆய்வுகள்

சிறுநீர்ப் பெருக்கத்துடன், நோயாளியைத் தலை தாழ்ந்த நிலையில் படுக்கவைத்து விலாப்புறத்தைத் தட்டும் முறை 2001 இல் கனடாவிலும் 2005 இல் சிங்கப்பூரிலும் வெளியான ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆய்வில் 108 பேர் பங்கேற்றனர். இம்முறையைப் பெற்றவர்களுள் சுமார் 62 விழுக்காட்டினரும், அதிர்வலைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் சுமார் 35 விழுக்காட்டினரும் கற்கள் முற்றிலும் நீங்கப்பெற்றனர். மூன்று செயல்களும் சேர்த்தே செய்யப்பட்டமையால், மருந்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்பதை இவ்வாய்வுகளிலிருந்து பிரித்தறிய இயலாது.

எச்சரிக்கைகள்

இம்மருந்தை மருத்துவரின் மேற்பார்வையின்றி உட்கொள்ளுதல் தீங்கானது. நீரிழப்பும் பொட்டாசியக் குறைவும் ஏற்படலாம். வடசென்னையின் எண்ணூர், காட்டுப்பள்ளி போன்ற துறைமுகப் பகுதிகளில் வெயிலில் உழைப்போர் வியர்வையாலேயே மிகுந்த நீரை இழப்பதால், அவர்களுக்கு இவ்விடர் கூடுதலாகும். நீரிழப்பால் சிறுநீர் செறிவடைந்தால் புதிய கற்கள் உருவாகவும் ஏதுவாகும். மேலும், ஃபுரோசமைடு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுவதால் நீண்டகாலப் பயன்பாடு கல் உருவாவதற்கே துணைபோகலாம்.

துகள்கள் சிறுநீர்க்குழாயை அடைத்திருக்கும்போது சிறுநீரைப் பெருக்கினால் சிறுநீரகத்தில் அழுத்தமும் வலியும் மிகும். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் வராமை ஆகியவற்றுள் ஏதேனும் ஏற்பட்டால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

தயசைடு வகை மருந்துகள்

தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள் சிறுநீரில் கால்சியத்தைக் குறைப்பதால், கல் மீண்டும் வராமல் தடுக்க வழங்கப்படுகின்றன. எனினும் 416 பேரைக் கொண்டு சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வில், இவ்வகையைச் சேர்ந்த ஐதரோகுளோரோதயசைடு, வெற்று மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை.