யோசனை என்னும் நோய்: வன்னியின் அச்சத்துக்கு ஒரு வரலாறு

"யோசிக்காதேங்கோ" என்பது வன்னியில் ஓர் ஆறுதற் சொல். இங்கே யோசனை என்றால் சிந்தனை மட்டுமன்று. நித்திரையைக் கெடுக்கும் ஓயாத கவலையும் அதுவே. நெஞ்சு படபடக்கிறது, பெருமூச்சு வருகிறது, கைகால் விறைக்கிறது என்று வைத்தியரிடம் செல்வோர் பலர். இருதயத்தில் பழுதில்லை என்ற பதிலோடு திரும்புகின்றனர். அப்படியாயின் இப்படபடப்பு எங்கிருந்து வருகிறது? விடையின் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளது.

இது வன்னிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர்வீரரிடம் இதே படபடப்பைக் கண்ட மருத்துவர் டா கொஸ்டா, 1871 இல் அதைப் பற்றி எழுதினார். ஆபத்தை உணர்ந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, ஓடுவதற்குத் தசைகள் ஆயத்தமாகின்றன. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்வதற்கு அந்த அச்சமே எமக்கு உதவியது. அது நோயன்று, உயிர் காத்த பழக்கம். யுத்தம் முடிந்தது மனதுக்குத் தெரியும். உடலுக்கு இன்னும் தெரியவில்லை.

இப்பழக்கம் எப்படி ஊறியது என்பதைச் சில திகதிகள் சொல்லும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 அன்று வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வன்னி முஸ்லிம்களும் தப்பவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழர்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. 2008 இல், குளத்தை நம்பி வாழும் எங்கள் அக்கராயனும் வெறுமையாயிற்று. பின்னர் முள்ளிவாய்க்கால், அதன் பின் 2012 வரை இயங்கிய மெனிக் பாம் முகாம். மூட்டை கட்டுவதற்கு எப்போதும் ஆயத்தமாயிருப்பதே ஒரு தலைமுறையின் அன்றாட வாழ்வாயிற்று.

2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளே இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். ஷெல் சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. ஆயினும், பிள்ளை வீடு திரும்பக் கால்மணி நேரம் பிந்தினால் படலையில் நின்று நடுங்கும் தாயிடமிருந்து, உலகம் ஆபத்தானது என்பதை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையிடமும் இத்தகைய மரபுரிமை உண்டா என்பதை இவ்விதழின் வாசகர்கள் என்னைவிட நன்கு அறிவர்.

யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு 'வடுப்பட்ட மனங்கள்' என்ற பொருளில் தலைப்பிட்டார். 2014 இல் வந்த நூலின் தலைப்பு 'வடுப்பட்ட சமூகங்கள்' என்ற பொருளில் அமைந்தது. இம்மாற்றம் கவனத்துக்குரியது. காயம் ஊருக்கு என்றால், மருந்தும் ஊருக்குள்ளேதான் தேடப்பட வேண்டும். ஓம், திக்ர், ஜெபமாலை என அவரவர்க்குப் பழகிய சொல்லை அமைதியாகத் திருப்பிச் சொல்வதை அவர் மனத்தளர்வுப் பயிற்சியாக்கினார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதும் படபடப்பைத் தணிக்கும். அச்சத்துக்காகச் சந்தையையும் பஸ் பயணத்தையும் தவிர்த்தால் அச்சமே வளரும்; துணையோடு சிறிது சிறிதாகப் பழகினால் அது குறையும். நித்திரையும் தொழிலும் குலையுமாயின் உளமருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இவ்வழிகளுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், கோபம், துயரம், ஓயாத எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். உடலுக்கு மருந்தை முன்கூட்டியே சேமிப்பதுபோல, அமைதியான வேளையில் மனதுக்கு வேண்டிய நல்லெண்ணங்களைச் சேமிக்க வேண்டும் என்பது அவரது கருத்து.

"யோசிக்காதேங்கோ" என்று சொல்லி வாயை அடைப்பதைவிட, "என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேட்டு அருகில் அமர்வது நல்லது. துவக்குகள் ஓய்ந்திருக்கும் இக்காலமே அச்சேமிப்புக்கு ஏற்ற காலம்.