உறுப்பினர் இல்லாத இருபது மாதங்கள்: சாத்தூர் இடைத்தேர்தலும் பட்டாசுத் தொழிலும்

2018 அக்டோபரில், ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 23ஆம் தேதி அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டுமே இனித் தயாரிக்கவும் விற்கவும் வேண்டும் என்றது. 25ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். சத்தியநாராயணன், அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் 18 பேரின் தகுதி நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். அந்த 18 பேரில் ஒருவர் சாத்தூர் உறுப்பினர் எஸ்.ஜி. சுப்பிரமணியன். முதல் தீர்ப்பைத் தொடர்ந்து விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன. இரண்டாம் தீர்ப்பு, அதே மாவட்டத்தின் பட்டாசுத் தொகுதி ஒன்று ஓராண்டுக்கு மேலாக உறுப்பினர் இல்லாமல் இருந்ததைச் சட்டப்படி உறுதிசெய்தது.

இடைத்தேர்தல் குறித்த நம் ஆய்வுகளும் பத்திரிகை அலசல்களும் பெரும்பாலும் வேட்புமனுத் தாக்கலில் தொடங்கி வாக்கு எண்ணிக்கையில் முடிந்துவிடுகின்றன. எவ்வளவு பணம் இறங்கியது, எந்தச் சமூகத்தின் வாக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது, ஆட்சி தப்பியதா என்பவையே கேள்விகள். அவை வேண்டாத கேள்விகள் அல்ல. ஆனால் இடைத்தேர்தலின் அரசியல் விலையை அளக்க வேண்டிய முதல் இடம் வாக்குச்சாவடி அன்று. அதற்கு முன்பு தொகுதி காலியாகக் கிடந்த காலம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் காலத்தில் தொகுதி மக்கள் இழந்ததை எந்தத் தேர்தல் முடிவும் ஈடுசெய்வதில்லை. சாத்தூரைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் தொகுதி தமிழகத்தில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

நடந்தவற்றை வரிசைப்படுத்துவோம். 2017 ஆகஸ்ட் 22 அன்று டி.டி.வி. தினகரன் அணியைச் சேர்ந்த உறுப்பினர்கள் ஆளுநர் சி. வித்யாசாகர் ராவைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் மீது அந்த வேகம் காட்டப்படவில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாக வந்தபோது, அதன் சாவியைப் பேரவைத் தலைவரிடம் கொடுத்ததன் விளைவு இது.

தகுதி நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடப்பட்டதும், மறு உத்தரவு வரும்வரை அந்தத் தொகுதிகளுக்குத் தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பதவி இழந்த உறுப்பினர் வழக்கில் வென்றால் அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அளவில் தடை நியாயமானது. ஆனால் வழக்கு நீண்டது. 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியும் நீதிபதி எம். சுந்தரும் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, விவகாரம் மூன்றாம் நீதிபதியிடம் போனது. வாக்குப்பதிவு 2019 ஏப்ரல் 18 அன்று. எண்ணிக்கை மே 23 அன்று. ஆக, சாத்தூர் மக்களுக்கு 20 மாதங்கள் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. ஐந்தாண்டுப் பேரவையில் மூன்றில் ஒரு பங்கு அது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 151ஏ பிரிவு, காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, அந்தக் கெடுவுக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலோ மட்டுமே விலக்கு. நீதிமன்றத் தடை என்பது இந்த இரண்டிலும் எழுதப்படாத மூன்றாவது விலக்காகிவிட்டது. அந்த வழக்கில் பேரவைத் தலைவர் ஒரு தரப்பு, பதவி இழந்தவர்கள் மறு தரப்பு. தொகுதியின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை.

இனி ஆலைக்குள் போவோம். பேரியம் நைட்ரேட் என்பது வெறும் பச்சை நிறத்துக்கான மருந்து என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுவதுண்டு. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச் சக்கரம் என்று பிள்ளைகள் கொளுத்தும் ரகங்கள் பலவற்றிலும் எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது அதுதான். அதோடு சரவெடியும் போனால் ஆலையில் செய்வதற்கு மிச்சமிருப்பது சொற்பம். சரம் பின்னுவது பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. இத்தனை சரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி. காகிதக் குழாய் உருட்டுகிறவர், திரி வெட்டுகிறவர், மணி மருந்தை மேடையில் பரப்பிக் காயவைக்கிறவர் என்று ஒருவர் கையைவிட்டு அடுத்தவர் கைக்குப் போகும் தொழில் இது. ஒரு கண்ணி அறுந்தால் ஊரே சும்மா இருக்க வேண்டியதுதான். தீபாவளி முடிந்து சிறு இடைவெளிக்குப் பின் அடுத்த ஆண்டுக்கான வேலை தொடங்குவது வழக்கம். 2018 நவம்பரில் அது தொடங்கவில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, 2019 மார்ச்சில்தான் ஆலைகள் திறக்கத் தொடங்கின. இடையில் தொழிலாளர்கள் விருதுநகரில் திரண்டு போராடினார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் குடும்பங்கள் அந்த நான்கு மாதமும் கோரிக்கை மனுவைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க முடியாத நிலையில் இருந்தன. பக்கத்துச் சிவகாசியில் உறுப்பினர் இருந்தார், அமைச்சராகவும் இருந்தார். சாத்தூரில் இருக்கை காலி.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது கனமான மறுப்பு. வெடிபொருள் மத்தியப் பட்டியலின் ஐந்தாவது இனம். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் மத்திய அரசுடையவை. பெரிய ஆலைகளுக்கான உரிமம் நாக்பூரிலிருந்து வருகிறது. உள்ளூர்ப் பேச்சில் அதற்கு ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்றே பெயர். பேரியத் தடை உச்ச நீதிமன்றத்தினுடையது. சாத்தூரில் ஓர் உறுப்பினர் இருந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்?

தடை விலகியிருக்காது என்பது உண்மை. ஆனால் பட்டாசுத் தொழிலாளியின் வாழ்வு நாக்பூரில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. சிறு ஆலைகளுக்கான ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தொழிற்சாலை ஆய்வு மாநில அரசின் வேலை. ஓர் அறையில் எத்தனை பேர் அமர்ந்து வேலை செய்கிறார்கள், உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாகப் பிரித்து ‘உள்குத்தகை’ விட்டிருக்கிறாரா என்பதையெல்லாம் பார்த்துத் தடுக்க வேண்டியது உள்ளூர் அதிகாரிகள். தீக்காயப் பிரிவு, குறைந்தபட்சக் கூலி, ஆலை மூடிய மாதங்களுக்கான நிவாரணம் ஆகியவை மாநிலம் செய்யக்கூடியவை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்குத்தகை பற்றிய பேச்சு ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுகிறது, சில வாரங்களில் அடங்குகிறது. அந்தப் பேச்சு அடங்காமல் பேரவையில் கேள்வியாக, வெட்டுத் தீர்மானமாக, துறை மானியக் கோரிக்கை விவாதமாகத் தொடர வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். எல்லா உறுப்பினரும் அதைச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யாதவரை அடுத்த தேர்தலில் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. காலி இருக்கையிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

வாக்குப்பதிவு நாளுக்கு வருவோம். அன்று சாத்தூர் வாக்காளர் முன் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. மக்களவைக்கான இயந்திரத்தில் காங்கிரசின் கை சின்னமும் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த தே.மு.தி.க.வின் முரசும். சட்டமன்றத்துக்கானதில் தி.மு.க.வின் உதயசூரியனும் அ.தி.மு.க.வின் இரட்டை இலையும். இரண்டிலும் தினகரன் தொடங்கிய அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டி. விருதுநகர் மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில், அதே சாவடிகளில், சாத்தூர் சட்டமன்ற இடத்தை அ.தி.மு.க.வின் எம்.எஸ்.ஆர். ராஜவர்மன் தி.மு.க.வின் எஸ்.வி. சீனிவாசனை மிகச் சொற்ப வாக்குகளில் முந்திப் பிடித்தார். தகுதி நீக்கம் செய்யப்பட்ட சுப்பிரமணியன் அ.ம.மு.க. வேட்பாளராக நின்று பெற்ற வாக்குகள் அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு.

இரட்டை இலைக்குப் பழகிய கை மக்களவை இயந்திரத்தில் அந்தச் சின்னத்தைக் காணவில்லை என்பது ஒரு விளக்கம். முழு விளக்கமன்று. இங்கே வாக்காளரிடம் இரண்டு வேறு கேள்விகள் கேட்கப்பட்டன, அவர் இரண்டுக்கும் வேறு வேறு விடை சொன்னார் என்பதே என் வாசிப்பு. பேரியமும் பசுமைப் பட்டாசும் டெல்லியின் விவகாரம். அங்கே போகிறவரிடம் ஒரு கணக்கு. மாநில ஆட்சி நிலைப்பது வேறு விவகாரம். அதில் கோட்டையில் யார் இருந்தால் நமக்கு நடக்கும் என்ற கணக்கு. 2019 ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தில் நடந்த 22 இடைத்தேர்தல்களில் தி.மு.க. 13 இடங்களையும் அ.தி.மு.க. 9 இடங்களையும் பிடித்தன. ஒன்பது கிடைத்ததால் பழனிசாமி ஆட்சி 2021 வரை நின்றது. அந்த ஒன்பதில் சாத்தூரும் ஒன்று. ஆட்சியைத் தாங்கிய தொகுதி என்ற வகையில் சாத்தூருக்கு இருந்த எடை, பட்டாசுத் தொழிலாளியின் கோரிக்கைக்கு மாறிச் சேர்ந்ததா? இல்லை. வென்றவருக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு. அதிலும் ஓராண்டைக் கொரோனா தின்றது. 2021இல் அவருக்குக் கட்சியில் இடம் கிடைக்கவில்லை, அ.ம.மு.க.வுக்குப் போய்ப் போட்டியிட்டார். தொகுதியை ம.தி.மு.க.வின் ஏ.ஆர்.ஆர். ரகுராமன் வென்றார்.

இன்றைய விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் திருமங்கலம், இடைத்தேர்தல் ஆய்வில் பணத்தின் பெயரால் நிலைத்துவிட்ட ஊர். ம.தி.மு.க. உறுப்பினர் வீர. இளவரசன் மறைவையடுத்து 2009 ஜனவரி 9 அன்று நடந்த தேர்தலில் தி.மு.க.வின் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குக்குப் பணம் கொடுத்த முறை பற்றி அமெரிக்கத் துணைத் தூதரகம் எழுதிய குறிப்பு 2011இல் விக்கிலீக்ஸ் வழியே வெளியானது. ‘திருமங்கலம் ஃபார்முலா’ அரசியல் அகராதியில் ஏறியது. அதன் கேட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆறு மாதக் கெடுவுக்குள்ளேயே திருமங்கலத்துக்கு உறுப்பினர் கிடைத்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்குக்கு நோட்டு வாங்கியதாகப் பழி சுமக்கும் திருமங்கலத்தைப் பற்றி எழுதிக் குவித்த நாம், சாத்தூரின் 20 மாதத்தைப் பற்றி எழுதவில்லை. மக்கள் மீது குற்றம் சொல்வது எளிது. அமைப்பு மக்களுக்குச் செய்த குற்றத்தைக் கணக்கெடுப்பது அவ்வளவு எளிதாக நம் கைக்கு வருவதில்லை.

அதே மக்களவைத் தொகுதியின் திருப்பரங்குன்றம் இன்னொரு சான்று. 2016 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட எஸ்.எம். சீனிவேல் பதவியேற்கும் முன்பே காலமானார். அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸ் வென்றார். மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை பதித்த சின்ன ஒதுக்கீட்டுப் படிவங்களை எதிர்த்துத் தி.மு.க.வின் பா. சரவணன் வழக்குத் தொடுத்தார். 2018 ஆகஸ்ட் 2 அன்று போஸும் காலமானார். வழக்கு நிலுவையில் இருந்ததால் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் போஸின் வெற்றி செல்லாது என்றது. மே 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்து சரவணன் வென்றார். ஒன்பது மாதத்துக்கு மேல் மீண்டும் ஒரு காலி இருக்கை.

ஆட்சியின் தேவைக்குத் தொகுதி வளைந்துகொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. விருதுநகர் காமராஜர் 1954இல் முதலமைச்சரானபோது ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தன் உறுப்பினரை விட்டுக்கொடுத்தது. ஆனால் அன்று காமராஜருக்கு முன் அரசியலமைப்பின் 164(4) இருந்தது: ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் இடம்பெறாவிட்டால் அமைச்சர் பதவி போய்விடும். அமைச்சருக்கான அந்தக் கெடு ஒரு நாள்கூட நீள்வதில்லை. வாக்காளருக்கான ஆறு மாதம் மட்டும் நீள்கிறது. பிரிட்டனில் காலியிடத்துக்கு மூன்று மாதத்துக்குள் தேர்தல் ஆணை கோரப்பட வேண்டும் என்பது மரபு. ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் கட்சிப் பட்டியலின் அடுத்த பெயர் இருக்கைக்கு வந்துவிடுகிறது. பட்டியல் முறை நமக்குப் பொருந்தாது. உறுப்பினரை முகம் தெரிந்து, வீட்டு வாசல் தெரிந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு முக்கியம். காலக் கெடு பொருந்தும்.

தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே 1951 சட்டத்தின் 86(7) பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. திருப்பரங்குன்றத்தில் அந்த முயற்சி இரண்டாண்டைத் தாண்டியது. அதை வெறும் அறிவுரையாக விடாமல் வலுப்படுத்த வேண்டும். பத்தாவது அட்டவணையின் கீழ் வரும் தகுதி நீக்க வழக்குகளையும் அதே வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். தேர்தலுக்குத் தடை கேட்கப்படும் வழக்குகளில் தொகுதி வாக்காளர்களின் சார்பில் ஒருவரின் வாதத்தைக் கேட்ட பிறகே தடை நீட்டிக்கப்பட வேண்டும். தொகுதி காலியாக இருக்கும் மாதங்களில் அங்கே நேரும் விபத்து, ஆலை மூடல், வேலையிழப்பு பற்றி மாவட்ட ஆட்சியர் பேரவைக்கு அறிக்கை வைக்க வேண்டும். அதன் மீது எந்த உறுப்பினரும் கேள்வி எழுப்ப இடம் வேண்டும். இவற்றில் கடைசியானதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதிகூடத் தேவையில்லை; பேரவை தன் விதிகளைத் திருத்திக்கொண்டால் போதும்.